பெட்டியோடு போகும் பிள்ளை

மே கடைசியிலோ ஜூன் முதல் வாரத்திலோ சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். புது டிரங்குப் பெட்டி, பிளாஸ்டிக் பக்கெட், மக், பாய், தலையணை, ஒரு டப்பா முறுக்கு. இத்தனையோடு ஒரு பிள்ளையையும் சேர்த்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். பெட்டிக்குப் பூட்டுப் போட்டாச்சா என்று அப்பா மூன்று தடவை பார்க்கிறார். பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

போகிற வழியில் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு ஒரு வடைமாலை வேண்டுதல். 18 அடி உயரத்தில், மேலே கூரைகூட இல்லாமல் நிற்கிறவர் அவர். வருஷா வருஷம் ஜூனில் எத்தனை அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பார்!

பள்ளிக்கூடம் திறக்கிறது என்றால் வீட்டில் நாம் செய்கிற ஏற்பாடு என்ன? நோட்டு, அட்டை, லேபிள், ஷூ. பத்தாவதோ பன்னிரண்டாவதோ என்றால் கேபிள் கட், செல்போன் பறிமுதல், சொந்தக்காரர் கல்யாணம் ரத்து. பாட்டி இருமினால்கூட 'மெதுவா' என்று அதட்டல். இதுவும் போதாது என்று பயம் வந்தால் டிரங்குப் பெட்டி.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2007-ல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு போனது. பிளஸ் டூ மார்க் மட்டுமே கதி என்றானது. ஏற்கெனவே மார்க் விளைவித்துக்கொண்டிருந்த இந்தப் பக்கத்து உறைவிடப் பள்ளிகளுக்கு அது பொற்காலம். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூவை மனப்பாடம் செய்ய வைத்த கூத்து ஊரறிந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். அதே 2017-ல் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். டாக்டர் சீட்டுக்கு நீட் வந்தது. மார்க் கோட்டை சரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஏமாந்தேன். போர்டில் 'மாநில முதலிடம்' என்று இருந்த இடத்தில் 'நீட்' என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான்.

"ஏனுங்க, நாங்கதான் படிக்கலை. அவனாச்சும் படிக்கட்டுமே" என்று ஒரு லாரி டிரைவர் கேட்டால் எனக்குப் பதில் கிடையாது. மாதத்தில் பாதி நாள் அவர் மகாராஷ்டிராவில் இருப்பார். அவர் மனைவி தறி ஓட்டுவார், இல்லையென்றால் கோழிப் பண்ணையில் நிற்பார். அவர்களைக் கேலி செய்ய நான் யார்?

என் சண்டை உங்களோடுதான். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற ஆபீசர் சார், அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்தப் பிள்ளையை மட்டும் பெட்டி கட்டி அனுப்புகிற ஆசிரியர் சார், உங்களோடு!

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருஷமே பொறியியலுக்கும் விரிந்தது. ஒன்பதாவதில் நன்றாகப் படிக்கிற பையனை, 'இங்கே இருந்தால் கெட்டுப்போவான்' என்று டி.சி. வாங்கி, கடன்பட்டுத் தனியார் விடுதியில் சேர்க்கிறீர்களே, அந்த உரிமையையும் சேர்த்துத்தான் டி.சி. வாங்குகிறீர்கள். விடுதி விளம்பரத்தில் இதை எவன் போடுவான்?

தூக்கம் வேறு. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்கள் 2016-லேயே சொன்னார்கள். ராத்திரி பதினொன்று வரை படிப்பு, விடிகாலை ஐந்துக்கு மறுபடி மணி. மிச்சம் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுங்கள். வீட்டில் வைத்துக்கொண்டே இதே கொடுமையைச் செய்கிறவர்களும் உண்டு. ஊருக்கெல்லாம் முட்டை அனுப்புகிற ஜில்லாவில், ஒரு அவித்த முட்டைக்குக்கூட நேரமில்லாமல் பிள்ளை வேனைத் துரத்துகிறது.

வீட்டைத் தயார் செய்ய பெரிய செலவெல்லாம் இல்லை. பள்ளி திறக்கப் பத்து நாள் முன்பிருந்தே ராத்திரி சீக்கிரம் விளக்கை அணைக்கப் பழக்குங்கள். அப்பாவின் செல்போனும் அதோடு அணைய வேண்டும். அதுதான் கஷ்டம், எனக்கும்தான். யூனிஃபார்மைப் பிள்ளையே மடித்து வைக்கட்டும். காலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி கால் மணி நேரம் முன்னால் எழுப்புங்கள். சாயங்காலம் வந்ததும் முதல் கேள்வியாக 'எத்தனை மார்க்?' வேண்டாம்.

பெட்டி வாங்கக் கடைக்குக் கிளம்புகிறீர்களா? கிளம்பும் முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்குப் போக இஷ்டமா கண்ணு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை குறுக்கே பேசாதீர்கள்.