36-ஆவது மணி நேரத்தை யார் பதிவது?

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் 2025 மே 1 முதல் முகம் காட்டித்தான் வருகையைப் பதிய வேண்டும், ஜி.பி.எஸ். இருப்பிடமும் கூடவே ஏறும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்த உத்தரவை இவ்விதழ் எதிர்க்கவில்லை. பெயரளவில் இருக்கும் ஆசிரியர்களைக் கண்டுபிடிக்க அது தேவைதான்.

ஆனால், வராதவரைப் பிடிக்க இத்தனை அக்கறை காட்டும் ஆணையம், வீட்டுக்கே போகாதவரை எப்போது எண்ணப்போகிறது? அதன் மனநலப் பணிக்குழு 2024-இலேயே முதுநிலை மருத்துவ மாணவர்களான பி.ஜி.க்களுக்கு வாரம் 74 மணி நேரம்தான் உச்சவரம்பு, ஒரு நாள் கட்டாய விடுப்பு என்று பரிந்துரைத்தது. அதன் ஆய்வில் பதிலளித்த பி.ஜி.க்களில் நூற்றுக்கு 31 பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. 36 மணி நேர டியூட்டி மனிதத்தன்மையற்றது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆணையத்தின் விதிப்புத்தகத்தில் இருப்பதோ ‘நியாயமான வேலை நேரம்’ மட்டும். எண் இல்லாத விதியை மீறியதாக யார்மீது புகார் கொடுப்பது?

விழுப்புரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முகையூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து ரெஃபர் ஆகிறவர்களில் பலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். 2023 மே மாதம் எக்கியார்குப்பம் சாராயச் சாவுகளின்போதும், அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியின்போதும் அங்கே நோயாளிகள் வந்தனர். மெத்தனால் கேஸில் ரத்த வாயுப் பரிசோதனையை (ஏ.பி.ஜி.) திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், பைகார்பனேட் ஓட வேண்டும், டயாலிசிஸுக்கு யார் முதலில் என்று முடிவெடுக்க வேண்டும், பார்வை மங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கையருகே நின்று இதைச் செய்வது பெரும்பாலும் பி.ஜி.யும் பயிற்சி மருத்துவரான சி.ஆர்.ஆர்.ஐ.யும்தான். டியூட்டி முடிந்தும் அவர்கள் நின்ற நேரம் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது.

இவ்விதழின் நெடுநாள் ஆதங்கமே இதுதான். கல்லூரியின் ஆசிரியர் எண்ணிக்கையை ஆணையம் எம்.பி.பி.எஸ். இடங்களை வைத்துக் கணக்கிடுகிறது, ஓ.பி. வரிசையை வைத்து அல்ல. கூடுதல் மணி நேரம் பதிவானால், எத்தனை பணியிடம் குறைகிறது என்பது அரசின் சொந்த ஆவணத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல டெல்லியும் தயாரில்லை, சென்னையும் தயாரில்லை. பணிச்சோர்வு பணியிடம் சார்ந்த நிகழ்வு என்று உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11-இல் வகைப்படுத்திய பிறகும் டாக்டருக்கு யோகாவும் கவுன்சலிங்கும்தான் பரிந்துரைக்கப்படுகின்றன. டியூட்டி லிஸ்ட்டில் ஒருவரும் கை வைப்பதில்லை.

74 மணி நேரம் பரிந்துரையாக நிற்காமல் விதியாக வேண்டும். முகப்பதிவு பி.ஜி., சி.ஆர்.ஆர்.ஐ. அனைவருக்கும் வரட்டும், டியூட்டி முடிந்து கிளம்பும் நேரமும் அதில் ஏறட்டும். துறைவாரியான மணி நேரக் கணக்கை ஒவ்வொரு கல்லூரியும் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.