பறவை வீட்டுக்கு வருமுன்

"உடம்பு குணமாகட்டும், உனக்குக் கிளி வாங்கித் தருகிறேன்" என்று பெற்றோர் தம் பிள்ளைக்கு உறுதி கூறுவதைக் குழந்தைகள் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். துணையை இழந்து தனித்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ பேச்சுத் துணையாக ஓர் இணைப் பறவைகளை வாங்கி வைக்கலாமா என்று முதியோர் பிரிவில் மக்கள் வினவுகின்றனர். இரண்டிற்கும் வேர் அன்பே. காலையில் எழுந்து கவனிப்பதற்கு ஓர் உயிர் இருப்பது நோயிலிருந்து மீள்வோரின் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தரும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும், வீடு திரும்பிய அதே வாரத்தில் பறவைக் கடைக்குச் செல்வதை நாங்கள் ஆதரிப்பதில்லை. பறவை வரலாம், ஆனால் சில கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரே வரவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதற்கேள்வி மூச்சைப் பற்றியது. பறவையின் இறகிலிருந்து உதிரும் நுண்துகளும், உலர்ந்த எச்சத்தின் தூசியும் காற்றில் கலந்து நம் நுரையீரலை அடைகின்றன. பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கில்லை. சிலருடைய உடலோ அத்தூசியைப் பகையாகக் கருதி எதிர்வினை புரிகிறது. கூண்டைத் துடைத்த சில மணி நேரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் காய்ச்சலும் தோன்றி, மறுநாளோ அதன் பின்னரோ தணிந்துவிடும். இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். அத்தழும்பை மருந்தால் மாற்ற இயலாது. பறவையிடமிருந்து விலகுவதே இந்நோய்க்கு முதல் மருத்துவம்.

இரண்டாவது, கிளிக்காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ். நோயுற்ற பறவையின் எச்சத்திலும் மூக்குநீரிலும் உள்ள நுண்ணுயிரி, தூசியோடு மனிதரைச் சேர்கிறது. 1929ஆம் ஆண்டின் இறுதியிலும் 1930இன் தொடக்கத்திலும், தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளின் வழியாக இந்நோய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் பலரது உயிரைப் பறித்தது. அக்காலத்தில் இதற்கு மருந்தில்லை. இன்று டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளால் எளிதில் குணப்படுத்தலாம். ஆனால் மருத்துவர் அதனை ஐயுற வேண்டும். ஐயுறுவதற்கு வீட்டில் பறவை இருப்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் எங்கள் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். தீராத இருமலுடன் வருபவரிடம் புகைப்பழக்கத்தைப் பற்றிக் கேட்கிறோம். செய்யும் தொழிலைப் பற்றிக் கேட்கிறோம். வீட்டில் காசநோயாளர் உண்டா என்றும் கேட்கிறோம். மொட்டை மாடியில் புறா வளர்க்கிறீர்களா, கூடத்தில் கூண்டு உண்டா என்று கேட்க மறந்துவிடுகிறோம். ஆஸ்துமா என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்த பிறகு, உடன்வந்த பேரன் தற்செயலாகப் புறாவைப் பற்றிப் பேசியதால் உண்மை விளங்கிய நிகழ்வும் உண்டு. நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கூறுங்கள். அது வீண்பேச்சென்று யாரும் கருதமாட்டோம்.

எனவே, நாட்பட்ட நுரையீரல் நோயுடையோர், பறவையால் மூச்சுத்திணறல் கண்டோர் ஆகியோரின் இல்லங்களுக்குப் பறவை வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உண்போரும் புதிய பறவையை வாங்குமுன் தம் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். பெரும்பாலும் "இப்போது வேண்டாம்" என்ற விடையே கிடைக்கும். குழந்தைக்குக் கொடுத்த வாக்கை முறிக்க வேண்டியதில்லை, தள்ளிவைத்தால் போதும். ஏற்கெனவே வீட்டில் பறவை இருப்பின் அதைத் துரத்திவிட வேண்டுமென்பதும் இல்லை. மருத்துவரிடம் கூறி, கூண்டைத் துப்புரவு செய்யும் பணியை நலமுடைய வேறொருவர் ஏற்கட்டும். உலர்ந்த எச்சத்தை ஒருபோதும் பெருக்கலாகாது. நீர் தெளித்து நனைத்த பின், முகக்கவசமும் கையுறையும் அணிந்து துடைத்தெடுக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்தப் பறவை? பச்சைக்கிளி நம் கோயிற் சிற்பங்களிலும் தாலாட்டுகளிலும் வாழ்வது. ஆயினும் அதைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மைனாவுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. சந்தையில் விற்கப்படும் பச்சைக்கிளிக் குஞ்சு பெரும்பாலும் மரப்பொந்திலிருந்து திருடப்பட்டதே. நோய் நீங்கிய மகிழ்ச்சியை இன்னொரு தாயின் கூட்டைக் கலைத்துக் கொண்டாடுவது முறையன்று. முதன்முறை வளர்ப்போர்க்கு ஏற்றது, நம் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு கிளி, 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு உயிருடன் கொண்டுவரப்பட்ட காலம் முதல் தலைமுறை தலைமுறையாக மனிதரிடையே இனம்பெருகி வருகிறது. கூட்டமாக வாழும் இயல்புடையதாதலால் ஒன்றைத் தனியே வைத்தல் கொடுமை. இரண்டாக வளர்ப்பதே நன்று.

மூன்றாவது கேள்வி, பறவையின் நலத்தைப் பற்றியது. நமக்கு அதன் தூசி தீங்காவது போல அதற்கு நம் புகை தீங்காகும். பறவையின் சுவாச உறுப்புகள் நம்முடையவற்றைவிடத் திறன்மிக்கவை. ஆதலால் நஞ்சையும் விரைந்து உள்வாங்கும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை முன்னறிய 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இதனாலேயே. ஒட்டாத பூச்சுடைய நான்ஸ்டிக் சட்டியை அடுப்பில் காயவிட்டு மறந்தால், அதிலிருந்து எழும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் ஆகியவற்றின் புகையும் ஆகா. கூண்டைச் சமையலறையிலிருந்து தொலைவில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். உயரத்தைவிட அகலம் மிகுந்த கூண்டே பறக்க உதவும். வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்தவும், சன்னலைச் சாத்தவும் மறவாதீர்கள்.

தினை மட்டுமே உணவு என்று எண்ணுவது பொதுவான பிழை. விதையை மட்டும் தின்னும் பறவை கொழுத்து நோயுறும். கொத்தமல்லித் தழை, துருவிய கேரட், விதை நீக்கிய ஆப்பிள் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று கிடைக்கும் கணவாய் ஓடு போதும். அவகேடோவும் சாக்லேட்டும் நஞ்சு. தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் அமைதியான இருள் வேண்டும்.

பறவை தன் நோயை மறைக்கும். காட்டில் தளர்ந்தது தெரிந்தால் பகைக்கு இரையாகும் என்பதால் வந்த இயல்பு அது. இறகைச் சிலுப்பிக்கொண்டு அசையாது இருத்தல், கூண்டின் தரையில் அமர்தல், மூச்செடுக்கும்போது வால் ஏறி இறங்குதல் ஆகியவை தென்பட்டால் காத்திருக்க நேரமில்லை. அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சென்னை வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைப் போன்ற இடங்களை வாங்குவதற்கு முன்பே அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. பட்ஜெரிகர் ஐந்து முதல் பத்தாண்டுகள் வாழக்கூடியது. அந்த ஆண்டுகளில் உங்கள் உறவினர் மீண்டும் மருத்துவமனைக்கு வர நேரலாம். அன்று கூண்டுக்கு யார் தண்ணீர் வைப்பார்? இக்கேள்விக்கு ஒரு பெயரை விடையாகச் சொல்ல முடிந்தால், மருத்துவரும் இசைந்தால், தயங்காமல் வாங்குங்கள். சொல்ல முடியாவிட்டால் சன்னலோரம் ஒரு மண்சட்டியில் நீர் வையுங்கள். காக்கையும் தவிட்டுக்குருவியும் தாமே வரும். வேண்டியபோது பறந்தும் போகும். அவற்றைப் பார்த்திருப்பதும் ஒரு துணைதான்.