பணம் கட்டினால் போதுமா?

அயர்லாந்து நாட்டில் 2002-ம் ஆண்டு ஒரு புதுமுறை வந்தது. கார் ஓட்டுகிறவர் வேகமாகப் போனால், அபராதத்தோடு தண்டப் புள்ளியும் விழும். 3 ஆண்டுக்குள் 12 புள்ளி சேர்ந்தால், 6 மாதம் வண்டி ஓட்டக்கூடாது!

நல்ல முறை. பணக்காரருக்கு அபராதம் பெரிதல்ல. லைசென்சு போனால் எல்லோரும் ஒன்றுதான்.

அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை உண்டு. அதை அடைத்துக் காரை நிறுத்தினால் 80 யூரோ அபராதம். 2022-ல்தான் 40 யூரோவை 80 ஆக்கினார்கள். ஆனால் இந்த அபராதத்தோடு புள்ளி இல்லை.

பாதையை அடைத்தால் சைக்கிளில் போகிறவர் என்ன செய்வார்? நடு ரோட்டுக்கு வருவார். பின்னால் லாரி வரும். உயிருக்கே ஆபத்து!

அவரை ஆபத்தில் தள்ளுகிறவருக்கும் புள்ளி விழவேண்டும். அதுதான் நியாயம்.