சோதனைக்கு நாமே கூப்பிடுவோம்

தோழர்களே, 'இன்ஸ்பெக்‌ஷன்' என்ற சொல்லை நம் மக்கள் நல்ல விதமாகக் கேட்டதே இல்லை. விடுதிக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரி வார்டனிடம் பேசிவிட்டுப் போவார், மாணவர்களிடம் பேசமாட்டார். அந்த அனுபவத்தோடு இருப்பவர்களிடம், 'உங்கள் சமுதாய வானொலியை நீங்களாகவே ஆய்வுக்கு உட்படுத்துங்கள்' என்று சொன்னால் கசக்கத்தான் செய்யும். ஆனாலும் சொல்கிறோம், காரணத்தோடு.

அமெரிக்காவில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. அங்கே வானொலி, தொலைக்காட்சி நிலையங்களைக் கண்காணிப்பது எஃப்.சி.சி. எனும் ஆணையம். விரும்பும் நிலையம் தன் மாநில ஒலிபரப்பாளர் சங்கத்துக்குக் கட்டணம் கட்டி ஆய்வாளரை வரவழைக்கலாம். கோபுர விளக்கு எரிகிறதா, அவசர எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டிய கோப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். குறைகளைச் சரிசெய்தால் சான்றிதழ் கிடைக்கும். பிறகு மூன்று ஆண்டுகள் ஆணையத்தின் வழக்கமான சோதனை இருக்காது. ஆனால் புகார் வந்தால் ஆணையம் எந்த நாளும் கதவைத் தட்டலாம். இந்தக் கடைசி நிபந்தனைதான் உயிர்.

நம் நாட்டுக்கு வருவோம். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2006 கொள்கைக்குப் பிறகுதான் சமூக அமைப்புகளுக்கு வானொலி உரிமம் திறந்தது. 2008இல் தெலங்கானாவின் மாச்னூர் கிராமத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' ஒலிக்கத் தொடங்கியது. பெரிய சாதனை. ஆனால் சமுதாய வானொலிக்கு விதிகளும் நிறைய. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாகவேண்டும். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாக்கவேண்டும். ஒலிபரப்புத் திறனுக்கும் விளம்பர நேரத்துக்கும் வரம்பு உண்டு. மீறினால் அனுமதி நிறுத்திவைக்கப்படலாம், ரத்தும் ஆகலாம்.

இந்த விதிகளில் தவறினால் யாருக்கு இழப்பு அதிகம்? பெரிய நிறுவனத்தின் எஃப்.எம். நிலையத்துக்கு வக்கீல் இருக்கிறார். கூலி வேலை முடித்து வந்து மைக் முன் உட்காரும் பெண்களுக்கு யார் இருக்கிறார்கள்? அவர்கள் பேசுவது பிடிக்காதவர்களுக்கு, பாதுகாக்காமல் விட்ட ஒரு ஒலிப்பதிவே போதும், புகார் எழுத. எனவே முன்கூட்டியே நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் சரிபார்த்துக்கொள்வது அடிபணிவது ஆகாது. அது நமக்கான கேடயம்.

'தானாக முன்வந்து' என்ற சொல்லில் ஆபத்தும் இருக்கிறது, மறுக்கவில்லை. சாதி ஒழுங்கு யாருடைய நல்லெண்ணத்தாலும் தானாகத் தளர்ந்ததில்லை. சட்டம் வந்தும்கூடப் போராடவேண்டியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். கையெழுத்துக்காக மட்டும் கூடும் குழுவால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன பயன்? தன்னார்வ ஆய்வும் அப்படி ஆகிவிடக்கூடாது.

அதற்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறோம். ஆய்வு செய்பவர் நிலையத்துக்கு வெளியே இருந்து வரவேண்டும். கண்ட குறைகளை, நிலையம் இருக்கும் ஊரிலும் சேரியிலும் எல்லோரும் அறியும்படி சொல்லவேண்டும். சான்றிதழைக் காட்டிப் புகார் கதவை அடைக்கக்கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டெனாவின் உயரத்தை அளப்பது சுலபம். நிலையத்துக்குள் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று அளப்பதுதான் கடினம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் யுனெஸ்கோ சமுதாய ஊடக இருக்கை உருவாக்கிய சுயமதிப்பீட்டு முறை இந்த இடத்தில் வழிகாட்டுகிறது. ஒரு நிலையத்தை இன்னொரு நிலையத்தார் வந்து மதிப்பிடுவதும், விளிம்புநிலை மக்களின் பங்கேற்பைக் கேள்வியாக்குவதும் அதில் உண்டு. அந்தக் கேள்வியை நாம் இன்னும் கூர்மையாக்கவேண்டும். ஆலோசனைக் குழுவில் சேரியிலிருந்து எத்தனை பேர்? அவர்கள் பெயருக்கு உறுப்பினர்களா, முடிவெடுப்பவர்களா? தலித் குரல் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மட்டும் ஒலிக்கிறதா, விவசாய நிகழ்ச்சியிலும் சமையல் நிகழ்ச்சியிலும் ஒலிக்கிறதா? சம்பளம் வாங்குபவர் யார், சும்மா உழைப்பவர் யார்?

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரியிலோ பக்கத்து ஊரிலோ சமுதாய வானொலி இருந்தால் ஒருநாள் போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்கப் போகவேண்டாம், கூட நிற்கப் போங்கள். ஒலிப்பதிவுகளை ஒழுங்குபடுத்தவும் ஆவணங்களை எழுதவும் கை கொடுங்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் நிலையத்தின் வாயை யாரும் எளிதில் அடைக்கமுடியாது.

ஜெய்பீம்.