தூரிகை பிடிக்காதவருக்கும் கலைக்கூடத்தில் வேலை உண்டு

"ஓவியம் சோறு போடுமா?" மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை நடத்தும் எங்கள் வீட்டில் இன்றும் கேட்கும் கேள்வி இது. எனக்குப் போடுகிறது. நான் ஓவியர் அல்ல; ஒரு கலைக்கூட இயக்குநரின் நிர்வாக அதிகாரி.

கண்காட்சிக்கு ஓர் ஓவியம் இரவல் வந்தால் ஒப்பந்தம், காப்புறுதி, போக்குவரத்து எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் கீறல், கறை, சட்டத்தில் உள்ள விரிசல் எல்லாம் படத்துடன் பதிவாகும். திருப்பி அனுப்புமுன் மறுபடியும் ஒப்பிட்டுப் பார்ப்போம். கூட்டக் குறிப்பும் வரவு செலவும் என் பொறுப்பு. கடையில் சரக்கை எண்ணிக் குறிக்கும் அதே கவனம்தான் இங்கும் தேவை.

1958-இல் தொடங்கிய நம் தேசியக் கலைக்கூடம் துன் ரசாக் சாலைக்கு அருகில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் ஓவியம் பயின்ற சையட் தாஜுடீன் போன்றோரை அடுத்த தலைமுறை அறிய, ஓவியம் மட்டும் போதாது. சரியான பதிவும் வேண்டும். நம் பெயர்களைப் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்கள் அந்த மேசையில் இருக்க வேண்டாமா?

மாணவர்களே, மலாயிலும் ஆங்கிலத்திலும் நல்ல கடிதம் எழுதப் பழகுங்கள், கணக்கை வெறுக்காதீர்கள். இந்த விடுமுறையில் ஒரு கலைக்கூடத்துக்குப் போய் வாருங்கள்.