குளத்து நடுவுல அந்தப்புரம் இருந்துச்சாம்!

கண்டி வாவிக் கரையில உட்கார்ந்து கச்சான் கொறிச்ச எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். நடுவுல ஒரு குட்டித் தீவு, மரங்கள், அதுக்குள்ள ஒளிஞ்ச மாதிரி கொஞ்சம் கட்டடம். கரையில நின்னு பார்த்தா அதுமேல ஒரு எழுத்தும் தெரியாது. உடனே யாராவது ஒருத்தன் ஆரம்பிப்பான்: "மச்சான், அது என்னடா?"

போன மாசம் எங்க பெச் பெடியன்கள் நாலு பேர், நாலு விதமான பதில். ஒருத்தனுக்கு அது ராஜாவோட அந்தப்புரம். இன்னொருத்தனுக்கு வெள்ளைக்காரன்ட வெடிமருந்துக் களஞ்சியம். மூணாவது ஆள் அங்கிருந்து மாளிகைக்குச் சுரங்கப்பாதை போகுதுன்னு சத்தியம் பண்ணினான். நாலாவது ஆளுக்குப் புதையல். கடைசியில ஜெயிச்சது அந்தப்புரம்தான். எப்பவும் அதுதான் ஜெயிக்கும். ஏன்னு கேட்கத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல சுரங்கம். இந்த வாவி இயற்கையானது இல்ல. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்துல, 1807ஐ ஒட்டி, வயல்வெளிக்குக் குறுக்கே அணை கட்டித் தேக்கின தண்ணி. சேத்து நிலத்துக்கு அடியில, மேல ஒரு குளத்தையே சுமந்துக்கிட்டு நிக்கிற சுரங்கத்தை மண்வெட்டியும் கூடையும் வச்சு யார் தோண்டினது? 1867இல கண்டிக்கு ரயில் வந்தப்போ பாறையைக் குடைய வெள்ளைக்காரனே என்ன பாடுபட்டிருக்கான்னு கடுகண்ணாவைப் பக்கம் ஒருதடவை ரயில்ல போனாலே விளங்கும். சுரங்கத்தை விட்டுடலாம்.

வெடிமருந்துக் கதையில ஒரு நியாயம் இருக்கு. 1818 கிளர்ச்சியை மிதிச்சு அடக்கினவனுக்கு, ஊர்ல இருந்து தள்ளி, நாலாபக்கமும் தண்ணி இருக்கிற இடம் மருந்து வைக்கத் தோதுதானே. இதைத்தான் வழிகாட்டிப் புத்தகங்களும் சொல்லுது. ஆனா இந்தக் கதை யாருக்கும் சுவைக்கிறதில்ல.

இப்போ அந்தப்புரம். தலதா மாளிகைக்குப் பின்பக்கம் தேசிய நூதனசாலை இருக்கே, போயிருக்கீங்களா? அந்தக் கட்டடத்துக்குப் பேர் பல்லே வாசல. ராணிகள் வசிச்ச மாளிகை அதுதான். கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தா, வாவிக்குள்ள கால் வச்ச மாதிரி நிக்குது உல்பெங்கே, ராணிகளோட குளிப்பு மண்டபம். வெள்ளைக்காரன் அதுக்கு மேல வாசிகசாலை வச்சான், பிற்காலத்துல பொலிஸ்காரங்க இருந்தாங்க. வசிக்க ஒரு இடம், குளிக்க ஒரு இடம், ரெண்டும் கரையிலயே. அப்புறம் எதுக்கு ஓடம் ஏறிப் போய் மூணாவதா ஒரு அந்தப்புரம்? ஒரு ராஜா காத்து வாங்க, நாலு பேரோட உட்கார்ந்து பேச ஒரு மண்டபம் கட்டியிருக்கலாம்னு ஏன் நமக்குத் தோணவே மாட்டேங்குது?

ஏன்னா அந்த ராஜாவைப் பத்தி நமக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருக்கு. கொடுங்கோலன், குடிகாரன், பெண்பித்தன். 1815 மார்ச் 2ஆம் தேதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தை எடுத்து வாசிங்க. ராஜா தன் கடமைகளை மீறினதால உரிமையை இழந்தான்னு சொல்றதோட அது நிக்கல. "மலபார்" இனத்துக்குக் கண்டி நாட்டு மேல இருந்த உரிமையே ஒழிஞ்சதுன்னு சொல்லுது. அவனோட உறவுக்கார ஆம்பிளைங்க அனுமதி இல்லாம கண்டி நாட்டுக்குள்ள கால் வச்சா இராணுவச் சட்டப்படி தண்டனை. ஒரு நாட்டைப் பிடிக்கக் குற்றப்பத்திரிகை வேணும். ராஜா எவ்வளவு கெட்டவனோ, பிடிச்சவன் அவ்வளவு நல்லவன். நாம கரையில உட்கார்ந்து இளிச்சுக்கிட்டே "அந்தப்புரம்" சொல்றப்போ, அந்தக் குற்றப்பத்திரிகைக்குத்தான் இன்னும் ஒரு வரி எழுதிக் குடுக்கிறோம்.

இதைச் சொன்னதும் எங்க ஆளுங்க சிலருக்கு ரத்தம் கொதிக்குது. "பாத்தியா, நம்ம தமிழ் ராஜா!" கொஞ்சம் பொறுங்க தோழர்களே. உங்ககிட்டயும் கேள்வி இருக்கு. கண்ணுசாமிங்கிற பேர்ல பிறந்து 1798இல அரியணை ஏறின அந்த மனுஷன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம், தெலுங்கு வேர். தமிழ் பேசினாங்க, புத்த சமயத்தைப் பேணினாங்க. இன்னைய அடையாள அட்டையில இருக்கிற எந்தப் பெட்டிக்குள்ளயும் அவரை முழுசா அடைக்க முடியாது. அதைவிட முக்கியமானது ஒண்ணு. அந்த வாவி ராஜகாரிய உழைப்புல எழும்பினது. கூலி இல்லாத கட்டாய வேலை. எதிர்த்தவங்களைக் குளத்துத் தரையிலயே கழுவேத்தினதா ஊர்க்கதை. அது எவ்வளவு தூரம் உண்மையோ, ஆனா ஜனங்க வேலைக்கு அழுதாங்கங்கிற நினைவு அந்தக் கதைக்குள்ள இருக்கு. மண் சுமந்தவன் பேர் நமக்கு வேணாம், ராணிங்க எங்க தூங்கினாங்கன்னு மட்டும் தெரியணும். லயத்துல பிறந்த நானும் இத்தனை நாள் அதையே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். வெக்கமாத்தான் இருக்கு.

"சும்மா ஜாலிக்குப் பேசுறோம், இதுக்கு ஏன்டா கோபப்படுற?" சரி. 2018 பெப்ரவரியில அம்பாறையில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கருத்தடை மாத்திரை கலக்குறாங்கன்னு கதை கட்டினாங்க. அரச பகுப்பாய்வாளர் சோதிச்சுப் பார்த்தா அது வெறும் மாக்கட்டி. ஆனா அதுக்குள்ள கடைகளும் பள்ளிவாசலும் அடி வாங்கியாச்சு. அடுத்த வாரமே தெல்தெனிய, திகன. அங்க தீப்பொறி வேற, ஒரு லொறிச் சாரதியோட சாவு. ஆனா எரிய விறகு ஏற்கனவே அடுக்கியிருந்துச்சு. அவங்க கடைக்குப் பின்னால என்ன நடக்குது, பள்ளிக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு டீக்கடையிலயும் பஸ்லயும் ஜாலியாப் பேசின பேச்சுதான் அந்த விறகு. 1815இல ராஜாவைப் பிடிச்ச மெதமஹநுவரவும் அந்தத் தெல்தெனிய பக்கம்தான்.

பிடிச்ச ராஜாவை 1816இல வேலூருக்குக் கப்பல் ஏத்தினாங்க, 1832இல அங்கேயே செத்தார். பாலாத்துப் பக்கம் அவருக்கு முத்துமண்டபம் கட்டி, யாரு என்னன்னு அடையாளம் வச்சிருக்காங்க. அவர் கட்டின மண்டபத்துக்கு எதிர்க் கரையிலயும், தீவு என்ன, யார் கட்டினது, யார் மண் சுமந்ததுன்னு மூணு மொழியிலயும் பெரிசா எழுதி வைக்கலாம். 1988இல இருந்து உலக மரபுரிமை நகரம் இது, ஒரு பலகைக்கா பஞ்சம்?

வெள்ளிக்கிழமை லெக்சர் முடிஞ்சு பேராதனை பஸ்ல திரும்பவும் போறோம். முதல்ல பல்லே வாசல, டிக்கெட் எடுத்து உள்ள. பிறகுதான் கச்சான். அந்தப்புரம்னு எவன் வாய் திறக்கிறானோ, எல்லாருக்கும் அவன்தான் பிளேன்டீ வாங்கணும்.