ரத்தத்திற்கு மொழியில்லை, கேள்விக்கு உண்டு

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களின் எஸ்டேட் லயங்களில் வயதானவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், பக்கத்து வீட்டைத் தம் வீடென்று எண்ணிக் கதவைத் தட்டினாலும், வீட்டார் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்." பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் இதே கதைதான். சாவியை வைத்த இடம் மறப்பது முதுமைக்கு இயல்பு. நாற்பது வருடம் நடந்த வழி மறப்பது இயல்பல்ல. அது அல்சைமர் நோயின் தொடக்கமாக இருக்கலாம்.

ஜெர்மன் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் 1906-ல் முதன்முதலாக விவரித்த நோய் இது. மூளையில் அமைலாய்டு, டாவ் என்ற இரண்டு புரதங்கள் தாறுமாறாகச் சேர்வது இதன் அடையாளம். மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்னரே அமைலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. இதை உறுதிசெய்யப் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். அல்லது முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்க வேண்டும். தினக்கூலித் தொழிலாளிக்கு இரண்டும் எட்டாதவை.

இந்த நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தது. அடுத்த படியாக விஞ்ஞானிகள் முயன்று வருவது பயோசென்சார். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் வைத்துப் பார்க்கிறார்களே, அதுவும் பயோசென்சார்தான். 1962-ல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் வகுத்த வழி அது. மறதி நோய்க்கான கருவியில், டாவ் போன்ற புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பொருள் மின்முனையில் பூசப்பட்டிருக்கும். புரதம் வந்து ஒட்டியதும் மின்னோட்டம் மாறும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை தாராளம்; இந்தப் புரதமோ ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்க வேண்டியது. அதனால்தான் இக்கருவிகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கின்றன.

"கருவி வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அதிகாரிகள் இருந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோதனையும் 55 வயதை எட்டி, மறதி அறிகுறி தென்பட்டவர்களுக்குத்தான். அந்த அறிகுறியை முதலில் கண்டறிவது டாக்டர் கேட்கும் கேள்விகள். அவை எந்த மொழியில் கேட்கப்படுகின்றன என்பதே எல்லைத் தமிழருக்கு முக்கியம்.

இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல், இந்தப் படத்தைப் பார்த்து வரை என்றெல்லாம் கேட்பது வழக்கம். பள்ளிக்கூட வாசல் மிதிக்காமல் கொழுந்து பறித்தே முதுமை எய்திய அம்மாள், அதையும் மலையாளத்தில் கேட்டால் என்ன சொல்வார்? இல்லாத நோய் இருப்பதாக எழுதப்படலாம். இருக்கிற நோய், பாஷை புரியாததாகத் தள்ளப்படலாம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவன டாக்டர்கள் மலையாளத்துக்கேற்ற சோதனையை 2004-ல் வெளியிட்டனர். ஹரியானாவில் பல்லப்கர் பகுதியின் எழுத்தறியாத முதியோருக்காகவே இந்தியில் ஒரு சோதனை 1990-களில் அமைக்கப்பட்டது. தமிழிலும் வழி இல்லாமல் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2009-ல் வெளியிட்ட முறையில் முதியவரிடம் சில கேள்விகள், உடனிருப்பவரிடம் சில கேள்விகள் உண்டு. வேலூரில் உள்ளது மூணாறுக்கு வர என்ன தடை?

மருந்தில்லாத நோயை அறிந்து என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் புதிய மருந்துகள் வெளிநாட்டில் வந்துள்ளன. விலைதான் ஏழைக்கு எட்டாது. ஆனால் மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு ரத்தம் கட்டுவது ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்சைமரே என்றாலும், கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே பி.எஃப்., பென்ஷன், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைச் சரிசெய்துவிடலாம். பெரியவர் வேண்டுமென்றே தொல்லை தருவதாக எண்ணி வீட்டார் ஏசுவதும் குறையும்.

இத்துறையில் கேரளம் பின்தங்கிய மாநிலம் அல்ல. இந்திய அல்சைமர் சங்கம் 1992-ல் தோன்றியது இங்கேதான். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் சொல்கிறது. மனு எழுதத் தமிழ் உண்டென்றால், நோயை விசாரிக்கவும் தமிழ் வேண்டும்.

தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் தமிழ்க் கேள்வித்தாளும், அதைக் கேட்கப் பழகிய ஊழியரும் இருக்க வேண்டும். எஸ்டேட் ஆஸ்பத்திரிகளும் தொழிற்சங்கங்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டும். நாளை ஒரு சொட்டு ரத்தத்தில் நோயைச் சொல்லும் கருவி வரும்போது, அதன் முன் யாரை அனுப்புவது என்று இன்று கேட்கும் கேள்விதான் தீர்மானிக்கும். அந்தக் கேள்வி தமிழில் கேட்கப்படுமா?